நழுவக் கூடாத கபடி

அன்புள்ள பாடகனுக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாதது என் பிழைதான். வாத்தியார் வீட்டுத் திண்ணைக் கணக்குப் போல நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவிட்டேன். சிட்னியில் அனைவரும் நலம். தங்கையின் திருமணம் நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி.

எழுத வைத்தவன் என் மூத்தவன். பதினாறு வயதில், ரக்பி லீக்கில் ஃபார்வர்டாக ஆடுவதையே பிழைப்பாகக் கொள்ளப் போவதாக அறிவித்துவிட்டான். பதின்மூன்று பேர் அணியில் ஆறு பேர் ஃபார்வர்டுகள். பந்து கையில் இருக்கும் அணி ஆறு முறை பிடிபடலாம். அதில் முதல் சில முறை, பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, எதிரே வரிசைகட்டி நிற்கும் தடியர்கள் மீது நேராகப் போய் மோதி, நாலடி நிலமாவது பிடித்துக் கொடுப்பதுதான் இவர்களுடைய வேலை. எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பேர் வாங்குபவன் பெரும்பாலும் ஓரத்தில் ஓடும் ஒல்லிப்பையன். நழுவத் தெரிந்தாலும் நழுவக் கூடாத கபடி என்று வைத்துக்கொள். உனக்கு ஒரு நாளும் ஒத்து வந்திருக்காது.

அவன் அறைச் சுவரில் இருப்பவர் சாம் பர்கெஸ். யார்க்ஷயரின் டியூஸ்பரியில் பிறந்து, பதினேழு வயதிலேயே பிராட்ஃபோர்ட் அணியில் ஆடி, 2010-இல் இங்கே சவுத் சிட்னி அணிக்கு வந்தவர். சகோதரர்கள் மூவரும் பின்னாலேயே வந்து சேர, 2013-இல் நால்வரும் ஒரே ஆட்டத்தில் இறங்கினார்கள். இங்குள்ள லீக்கின் 2014 இறுதிப் போட்டியின் முதல் மோதலிலேயே எதிரணியின் ஜேம்ஸ் கிரகாமோடு தலை இடித்துப் பர்கெஸுக்குக் கன்ன எலும்பு முறிந்தது. அவர் வெளியேறவில்லை. வீங்கிய முகத்தோடு எண்பது நிமிடமும் ஆடினார். அணி 30-6 என்று வென்று, 43 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பையைத் தொட்டது. சிறந்த ஆட்டக்காரருக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கமும் அவருக்கே. அந்தக் காணொளியை மகனோடு உட்கார்ந்து மூன்று முறை பார்த்தேன். மூன்றாவது முறை போடச் சொன்னவன் நான்தான் என்பதை உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

இடையில் ஓராண்டு இங்கிலாந்தில் ரக்பி யூனியன் என்ற மற்ற ரக்பியை ஆடி, உலகக் கோப்பையில் கை சுட்டுக்கொண்டு திரும்பிய கதை இருக்கட்டும். தோள்பட்டை கெட்டு, 2019 அக்டோபரில், முப்பது வயதில், அவர் ஆட்டத்தை விட்டார். முப்பது வயதில் நீயும் நானும் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தோம்.

அதே அணிக்கு 1970-இல் தலைவராக இருந்த ஜான் சாட்லர், இறுதிப் போட்டியின் தொடக்கத்திலேயே தாடை உடைந்தும், அடிபட்டது எதிரணிக்குத் தெரியாதபடி தன்னைத் தாங்கிப் பிடிக்கச் சொல்லி, கடைசிவரை ஆடிக் கோப்பையை வென்றவர். முதுமையில் மறதி நோய் கண்டு, 2023-இல் எண்பதாவது வயதில் மறைந்தார். இரண்டுக்கும் முடிச்சுப் போட நான் மருத்துவன் அல்லன். ஆனாலும் அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

“இப்போதெல்லாம் அப்படி இல்லை அப்பா, தலையில் அடிபட்டால் வெளியே அழைத்துப் பதினைந்து நிமிடம் சோதிக்கிறார்கள்; மூளை அதிர்ச்சி என்றால் பதினொரு நாள் ஓய்வு” என்று வக்கீலைப் போல வாதாடுகிறான். பேசும்போது அவனுடைய இடது காது சிவந்து தடித்திருந்தது. பல்லுக்குப் போடும் காப்பை இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் கழற்றி வைத்திருந்தான், ஓரத்தில் கடித்துக் கடித்து அது பிய்ந்திருந்தது. அவன் அம்மா அதை ஒரு முறை பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

அவனைத் தடுக்க வாயெடுக்கும்போதெல்லாம் உன் நினைவு வந்து என் வாயை அடைக்கிறது. மாசித் திருவிழாக் கபடி ஆட்டத்தில் உனக்குத் தோள் விலகிய பிறகும், ஒரு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நீ பாடிப் போனாயே, அன்று கோட்டோரம் நின்று விசில் அடித்தவன் நான். உன்னை உட்காரச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தத் தோள் இப்போது எப்படி இருக்கிறது? சட்டை போடும்போது கை முழுதாக மேலே போகிறதா, மழைக்காலத்தில் வலிக்கிறதா? கேலி செய்யாமல் உள்ளபடி எழுது. அதை அவனுக்குப் படித்துக் காட்டலாமா என்பதையும் சேர்த்து எழுது.

உன்,
விசிலடிச்சான்