இரவல் கைகள்

தோ பாயோ, சிங்கப்பூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. நீ கேட்டதைச் செய்து பார்க்காமல் பதில் எழுத மனம் வரவில்லை.

நிரல் எழுத உதவும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளான கிளாட் கோடை, மற்றச் செயலிகளுக்குக் கருவி தரும் சர்வராக ஓட்ட முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். ‘கிளாட் எம்சிபி சர்வ்’, இந்த ஒரு கட்டளை போதும். எம்சிபி என்பது இப்படிக் கருவிகளைச் செயலிகளோடு இணைக்கும் பொது நெறிமுறை. முதல்நாள் முனையத்தில், அதாவது கட்டளை தட்டும் திரையில், தட்டிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தேன். ஓர் எழுத்துகூட வரவில்லை. நின்றுவிட்டது என்று எண்ணி மூடிவிட்டேன். ஆனால் அது ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தன்னைத் தொடங்கிய செயலியோடு மட்டுமே அது பேசும், அதுவும் நிரல்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் ஜேசான் வடிவச் செய்திகளில். ஆகவே கட்டளையைச் செயலியின் அமைப்புக் கோப்பில் எழுதிவிடு, தேவைப்படும்போது செயலியே தொடங்கிக்கொள்ளும். கிளாட் கோட் கணினியில் இருக்கும் இடத்தின் முழுப் பாதையையும் எழுது. வெறும் பெயரை எழுதியதால் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்ற பிழையோடு எனக்கு ஓர் இரவு போயிற்று.

இனி நான் சொல்வதை நிதானமாகப் படி. இப்படி ஓடும்போது அது தன் கைகளை மட்டுமே இரவல் தருகிறது. கோப்பைத் திறக்கும், திருத்தும், கோப்புறையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும். எதைத் திருத்துவது என்று முடிவு செய்வது அழைக்கும் செயலி. திருத்துமுன் நம்மிடம் அனுமதி கேட்க வேண்டியதும் அந்தச் செயலிதான். முனையத்தில் நேரடியாக வேலை செய்யும்போது கிளாட் கோடே கேட்கிறதே, இங்கேயும் கேட்கும் என்று இருந்துவிட்டேன். ஆவணத்தில் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். நான் அதைப் படித்தது பிறகுதான்.

அக்கா தொடக்கநிலை ஐந்து பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ்த் துணைப்பாடம் நடத்துகிறார். அவருடைய பயிற்சித்தாள் கோப்புறையை நான் எழுதிய சிறு செயலியோடு இணைத்துக் கொடுத்தேன். மூன்றாம் கேள்வியில் ‘வீட்டுக்கு’ என்பதைப் ‘பள்ளிக்கு’ என்று மாற்றச் சொன்னார். மாறியது. கோப்பு முழுவதும் புதிதாக எழுதப்பட்டதில், எந்தப் பிள்ளை எந்த வேற்றுமை உருபில் தடுமாறுகிறது என்று அடியில் அவர் குறித்து வைத்திருந்த பதினொரு வரிகளும் போய்விட்டன. அக்கா ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஏழு வரிதான் திரும்பக் கிடைத்தது. மற்ற நான்கு வரி இன்னும் என் நெஞ்சை உறுத்துகிறது.

இப்போது என் செயலியில் பழைய வரியும் புதிய வரியும் அருகருகே தெரியும். அக்கா ‘சரி’ என்று அழுத்தினால்தான் கோப்பு மாறும். ஒவ்வொரு முறையும் கேட்கிறதே என்று அவர் சலித்துக்கொள்வதில்லை, நின்று படித்துவிட்டுத்தான் அழுத்துகிறார்.

உன் அச்சகக் கோப்புகளில் ஓட்டுவதற்கு முன் நகல் எடுத்து வேறு வட்டில் வை. அனுமதி கேட்கும் பகுதியை முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு.

சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகள் போட்டுவிட்டார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஞாயிறு மாலை கூப்பிடுகிறேன், அவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் நண்பன்