லேப் (லேப்ரடார் நாய்) வளர்க்கும் நம் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், வாசலில் கட்டிப் போட்டிருக்கும் அவர்களது செல்லங்களுக்கும் வணக்கம்.

கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டம் டிசம்பரில் மட்டும் நடக்கவில்லை. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. இரண்டு நாளில் பெண்ணையாறு தெருவுக்குள் வந்தது. அந்த வாரம் கூட்டம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

இந்த ஆண்டு நாம் செய்த உருப்படியான வேலை ஒன்றுதான்: நம் நாய்களைத் தராசில் நிறுத்தி எடை பார்த்தது. ஜூன் மாதம் ஒரு ஞாயிறு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரிசி மண்டி ஒன்றின் மூட்டைத் தராசை ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கினோம். முதல் ஆள் என் பீமா. ஏறச் சொன்னால், தராசுக்குப் பின்னால் சிந்திக் கிடந்த குருணையை நக்கப் போய்விட்டான். இழுத்து உட்கார வைத்தால் 43 கிலோ. வளர்ந்த ஆண் லேபுக்கு 29 முதல் 36 கிலோ, பெண்ணுக்கு 25 முதல் 32 கிலோ என்பது கணக்கு. "சார், அரை மூட்டைக்கு மேலேயே இருக்கான்" என்றார் மண்டிக்காரர். அன்று அளவுக்குள் நின்றது ஒரே ஒரு நாய். அதுவும் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய்.

"நாங்க ஒண்ணும் அதிகமா போடறதில்லையே" என்றோம், எல்லோரும். சரி, ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள் என்று முடிவானது. என் வீட்டு நோட்டு இது: காலையில் நான் வைத்த சோறு, மாமியார் காபியோடு கொடுத்த நாலு பிஸ்கட், பையன் தட்டில் மிச்சம் வைத்த இட்லி, பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் நீட்டிய மீன் தலை, இரவு மறுபடி சோறு. கையாலே போட்டவர்கள் எல்லோரும் கொஞ்சம்தான் போட்டார்கள். வாங்கிக்கொண்டது ஒரே வயிறு.

பழி முழுக்க நம் மேல் இல்லை. POMC என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லாமல் பிறக்கும் லேப்கள் உண்டு, ஏறக்குறைய நாலில் ஒன்று என்று 2016-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் கண்டார்கள். அந்த நாய்களுக்குச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே மறுபடி பசிக்கிறது. சும்மா படுத்திருக்கும்போது செலவாகும் சக்தியும் சுமார் 25 சதவீதம் குறைவு என்று 2024-இல் சேர்த்துச் சொன்னார்கள். நாம் சாப்பிடும்போது மடியில் தாடையை வைத்துப் பார்க்கிறானே, அந்தப் பார்வையில் பாசம் எவ்வளவு, பசி எவ்வளவு என்று இனி யோசிக்க வேண்டும்.

மனசை மாற்றியது வேறொன்று. அமெரிக்காவில் 48 லேப்களை ஒரே ஈற்றுக் குட்டிகளாக ஜோடி சேர்த்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்பங்கு குறைத்து ஆயுள் முழுக்கப் போட்டுப் பார்த்தார்கள். 2002-இல் வந்த முடிவு: குறைத்துத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக இருந்தன, மூட்டு வலியும் தள்ளித்தான் வந்தது. இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்துக்கே உள்ள தொல்லை என்பதால் இது சின்ன விஷயமில்லை.

ஆகவே நம் தீர்மானம்: ஒரு வீட்டில் ஒரே கை, ஒரே டம்ளர் அளவு. தடவினால் விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். வெங்காயம் போட்ட சாம்பார், திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது.

மற்றவை சுருக்கமாக. கத்திரி வெயிலுக்கு இரண்டு உறுப்பினர்கள் நாய்க்கு மொட்டை போட்டுவிட்டார்கள். இரட்டை அடுக்கு முடி வெயிலையும் தடுக்கும், தயவுசெய்து சீப்போடு நிறுத்துங்கள். வாக்கிங் வெயில் ஏறுமுன் முடியட்டும். தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு எண்ண முடியாவிட்டால் வீட்டுக்குத் திரும்புங்கள். வெள்ளத்துக்குப் பிறகு காதில் சீழும் உண்ணியும் பலருக்கு வந்தன. எலிக் காய்ச்சல் தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டு முடியுங்கள், வெறிநாய்க்கடி ஊசியை வருடா வருடம். தேவனாம்பட்டினக் கடலில் குளிக்கவிட்டால் நல்ல தண்ணீரில் அலசிக் காதைத் துடையுங்கள். மாசி மகத்தன்று மட்டும் அந்தப் பக்கமே கூட்டிப் போகாதீர்கள், அந்தக் கூட்டத்தில் எந்த நாயும் மிரளும்.

பீமா இப்போது 37.5. மாமியார் பிஸ்கட்டை நாலிலிருந்து ஒன்றாகக் குறைத்திருக்கிறார். அந்த ஒன்றை நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த எடை ஜூன் முதல் ஞாயிறு, அதே மண்டியில். குருணையை முன்கூட்டியே பெருக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்