மாப்பிள்ளை இல்லாத சீதனம்

திராய்மடு, மட்டக்களப்பு,
ஞாயிறு இரவு

அன்புள்ள ராணிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. பதில் போடாததற்குக் கோபிக்காதேகா. மூத்தவளின் சம்பந்தம் என்னமாதிரி என்று கேட்டிருந்தாய். குழம்பிப் போச்சு.

வந்தவர்கள் முதலில் எங்கள் தாய்வழிக் குடி என்னவென்று கேட்டார்கள். அது பொருந்தியது. மறுகா மாப்பிள்ளையின் மாமா முற்றத்தில் இறங்கி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். தென்னையில் குலை பார்க்கிறார் என்று நினைத்தேன். விறாந்தைக்கு நாங்கள் போட்ட கொங்கிறீற் தட்டில், மேல்மாடி கட்டக் கம்பி விட்டிருக்கிறோமா என்று பார்த்தாராம்! பொடியன் அரசாங்க உத்தியோகம், அதற்கேற்ற வீடு வேணும் என்றார்கள். தேத்தண்ணியைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை.

சின்னவள் அழுது கத்தினாள். நான் அவளை அணைத்துக்கொண்டு கிடந்தேன். மூத்தவள் ஒன்றும் பேசாமல் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். விடியப்புறம் எழும்பிப் பார்த்தால், கழுவிய கோப்பைகளையே திரும்பவும் கழுவிக்கொண்டு கிணற்றடியில் இருக்கிறாள். பிறகுதான் சின்னவள் சொன்னாள், கட்டாருக்குப் போன ஒருவனோடு ஆறு வருஷப் பழக்கமாம். போன தையில் அவனுக்குக் கல்யாணம், தாய் பார்த்த மேல்மாடி வீட்டில். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியாமல் போச்சே.

சின்னவளுக்கும் ஒருவன் இருக்கிறான். மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன், வேறு ஆட்கள். தனக்கு வீடு வாசல் ஒன்றும் வேணாம் என்கிறானாம், அதை அவள் பெருமையாகச் சொல்கிறாள். எனக்கு அதில்தான் பயம் பிடித்தது. அவனுக்கு வேணாமென்றால் சரி. வீடு அவனுக்கென்று யார் சொன்னது? பெட்டைக்கல்லவா?

நாவலடியில் என் வீட்டை உனக்கு ஞாபகமிருக்கும். அம்மா அதை எனக்கு எழுதித் தந்துவிட்டு, பின்வளவில் குடிசை போட்டுக்கொண்டு போனவ. அவர் குடித்துவிட்டுச் சத்தம் போடுகிற நாட்களில், "இது என்ர அம்மா தந்த வளவு" என்று ஒரு சொல் சொல்வேன். மனுஷன் வேலியடியில் போய் நிற்பார். வேறு ஊர்ப் பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்கு ஓடுவார்கள். நான் எங்கே ஓட? நான் இருந்ததே தாய்வீடு.

2004 மார்கழியில் கடல் அந்த வீட்டைக் கொண்டு போனது. கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். இங்கே புது வீடு தந்தபோது குடும்பத் தலைவர் யார் என்று கேட்டு, அவர் பெயரில் எழுதினார்கள். எங்கள் பக்கத்தில் எத்தனையோ பெண்களுக்கு இதே கதை. அப்போது நானும் வாயைத் திறக்கவில்லை, ஒரு கூரை கிடைத்தால் போதும் என்றிருந்தது. இப்போது அவரும் இல்லை. சட்டப்படி வீட்டில் பாதி எனக்கு, மற்றப் பாதி பிள்ளைகள் இரண்டு பேருக்கும்.

அதனால் ஒரு முடிவெடுத்தேன். நாவலடி வளவு இன்னும் என் பெயரில்தான் கிடக்கிறது. அதை மூத்தவளுக்கு நன்கொடை உறுதிப் பத்திரமாக எழுதுகிறேன். இந்த வீட்டில் என் பங்கு, சாகும்வரை நான் இருக்கிற ஆயுள் உரித்தை வைத்துக்கொண்டு, சின்னவளுக்கு. கல்யாணம் வரட்டும், வராமல் போகட்டும். பக்கத்து வீட்டு மாமி சிரிக்கிறா, "மாப்பிள்ளை இல்லாத சீதனம் எங்க கா கண்ட நீ?" என்று. வெறும் மணலும் நாலு தென்னையும்தான், ஆனால் மூத்தவளிடம் சொன்னபோது, "அம்மா, கிணறு இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். அந்தப் பெட்டை வாயைத் திறந்து ஒன்றைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு!

சின்னவளின் பொடியனை வரச் சொல்லியிருக்கிறேன். ஆள் எப்படி என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

உன் மகனுக்குப் பெண் பார்க்கிறதாக எழுதியிருந்தாய். போகிற வீட்டில் அண்ணாந்து பார்த்தாயென்று கேள்விப்பட்டேனோ, திருகோணமலைக்கே வந்து சண்டை பிடிப்பேன்.

உறுதி எழுதுகிற நொத்தாரிசு புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். நாளைக்கு மூத்தவளோடு நாவலடிக்குப் போய்க் கிணற்றைப் பார்க்கவேணும். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கம் கோயிலுக்கு வருவாய்தானே? இங்கே வந்து தங்கு.

இப்படிக்கு,
உன் மலர்