மாத்திரை முடிந்தது, சரி

அன்புள்ள குமாருக்கு,

அம்மா எழுதுவது. போனில் ஆரம்பித்தால் "மீட்டிங்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம்.

ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த ஆறு மாத மாத்திரை முடிந்தது, ஸ்கேனில் காலில் இருந்த ரத்தக்கட்டு கரைந்துவிட்டது, இனி கவலையில்லை என்றாய். போன தீபாவளிக்கு நீ வந்தபோது இடது கெண்டைக்கால் வீங்கி, சாக்ஸ் பட்டை பதிந்த இடம் பள்ளமாக நின்றது. கட்டைவிரலால் அழுத்தினேன், குழி எழும்பவே இல்லை. "ரயிலில் உட்கார்ந்தே வந்ததும்மா" என்றாய். முப்பது வருஷம் வார்டில் நின்றவளிடமா?

காலில் கட்டு வந்தால் நுரையீரலுக்குப் போகும் என்று பயப்படுவோம். மாரடைப்பும் பக்கவாதமும் தமனி சமாச்சாரம், அது வேறு கணக்கு என்றுதான் நாங்கள் படித்தோம். அப்படி முழுசாகப் பிரிக்க முடியாது போலிருக்கிறது. டென்மார்க்கில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு, எந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் அதில் பதிவாகும். அதை வைத்து 20 வருஷக் கணக்குப் பார்த்து 2007-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் போட்டார்கள். ஆழ்சிரையில், அதாவது உன்னைப் போல் காலின் உள்ளே ஆழமாக ஓடும் சிரையில், கட்டு வந்தவர்கள் மட்டும் 25,199 பேர். முதல் வருஷத்தில் மற்றவர்களைவிட அவர்களுக்கு மாரடைப்பு 1.6 மடங்கு, பக்கவாதம் 2.19 மடங்கு. பிறகு இறங்கியது. ஆனாலும் 20 முதல் 40 சதவீதம் கூடுதலாகவே நின்றது.

பதறாதே. மடங்கு என்றால் மலையாகத் தெரியும், உன் வயதில் மாரடைப்பு வரும் வாய்ப்பே சின்னது, சின்னதை ஒன்றரை மடங்காக்கினாலும் சின்னதுதான். காலில் இருந்த கட்டு நேரே போய் இதயத்தை அடைக்கிறது என்பதும் இல்லை. தொப்பை, புகை என்று இரண்டு பக்கத்துக்கும் பொதுவான காரணங்கள் சில உண்டு. உனக்கோ ஆபரேஷன் இல்லை, எலும்பு முறிவு இல்லை, சும்மா இருந்த காலில் வந்த கட்டு. அந்தப் பொதுக் காரணங்களில் ஏதாவது உன்னிடம் இருக்கிறதோ என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

துவைக்கப் போட்ட சட்டைப் பையில் லைட்டர் இருந்தது. நண்பனுடையது என்று சொல்லாதே, அப்பாவும் அந்தக் காலத்தில் அதையேதான் சொன்னார்.

சுகர், கொழுப்பு இரண்டும் இந்த மாதமே பார்த்துவிடு. மாத்திரையை நிறுத்தியது டாக்டர் சொல்லியா, நீயாகவா? அதையும் எழுது. அப்பாவின் பிபி மெஷினை பார்சலில் போட்டிருக்கிறேன். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டு, பட்டையை முழங்கைக்கு மேலே கட்டிப் பார். எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பு, "நார்மல்" என்று மட்டும் அனுப்பாதே.

அம்மா