சினெஸிலிருந்து சம்பந்தத்துக்கு

சினெஸ், போர்ச்சுகல்
ஜூன் மாதம்

அன்புள்ள சம்பந்தம்,

பேத்தி பிறந்ததற்குக்கூட நான் ஒரு வரி எழுதவில்லை என்று மீனாட்சி போனில் பிடித்து வாங்கிவிட்டாள். குழந்தைக்கும் தாய்க்கும் என் ஆசி. உன் முழங்காலைப் பற்றி விசாரிக்கப்போவதில்லை, விசாரித்தால் நீ நாலு பக்கம் எழுதுவாய். இப்போது எனக்கு வேண்டியது உன் தொழில் மூளை.

டிமெல்லோவின் படகில் இருக்கிறேன். ஆமாம், அதே டிமெல்லோதான். போர்ச்சுகல் பாஸ்போர்ட் வாங்கி லிஸ்பனில் உட்கார்ந்தவன், 36 அடிப் பாய்மரப் படகு ஒன்றை ஸ்பெயினில் பயோனாவில் வாங்கி, தெற்கே கொண்டுபோகத் துணைக்கு ஆள் கேட்டான். காலமெல்லாம் எஞ்சின் அறைக்குள் கிடந்தவன் நான், சரி என்றேன். நீ சிரிப்பது கேட்கிறது. ராயபுரம் சங்கதியை இங்கே இழுக்காதே.

கோடையில் இந்தக் கரை முழுக்க வாடைக்காற்றுதான். காலையில் சாதுவாக இருக்கும் கடல், மத்தியானத்துக்கு மேல் 20, 25 நாட் (மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர்) காற்றில் எழுந்து ஆடும். தெற்கே போகிற எங்களுக்கு அது பின்னால் இருந்து தள்ளுகிறது. எதிர்த்திசையில் போகிறவர்கள் பாவம், விடியுமுன் கிளம்பி எஞ்சினை நம்பி ஊர்கிறார்கள்.

வில்லங்கம் துறைமுகத்துக்குள் நுழைவதில்தான். பல இடங்களில் உள்ளே போகும் வழியே ஆற்று முகத்துவாரம். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி நீர்மட்டம் மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. வற்றும்போது வெளியே பாயும் ஆறும் உள்ளே வரும் அட்லாண்டிக் அலையும் முட்டிக்கொண்டால் வாயிலேயே அலை உடையும். அலை கூடினால் துறைமுக அதிகாரிகள் முகத்துவாரத்தையே மூடி உத்தரவு போட்டுவிடுவார்கள். ஃபிகெய்ரா ட ஃபோஸ் இதற்குப் பேர்போனது. அதே கரையில் நஸாரே இருக்கிறது பார், அது வேடிக்கை. முனைக்கு வடக்கே உலகத்திலேயே பெரிய அலைகளில் சறுக்கி விளையாடுகிறார்கள். 2020இல் ஒருவர் 26 மீட்டர் அலையில் சறுக்கிச் சாதனை வைத்தார். முனைக்குத் தெற்கே இருக்கும் துறைமுகத்துக்குள் ஏறக்குறைய எந்த வானிலையிலும் போகலாம். கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரை வரைக்கும் வந்துவிடுவதால், ஒரு பக்கம் அலை குவிகிறது, வாசலில் அடங்குகிறது. உனக்குப் பிடித்த சமாசாரம்.

ஒவ்வொரு மெரினாவிலும், அதாவது படகுத்துறையிலும், பாஸ்போர்ட், படகின் பதிவு, காப்பீடு என்று திரும்பத் திரும்ப அதே படிவம். என் விசாவோ 180 நாளில் 90 நாள்தான். டிமெல்லோ தன் பாஸ்போர்ட்டை மேஜைமேல் மெதுவாக எடுத்து வைக்கிற அழகை நீ பார்க்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஓர்கா. கறுப்பு வெள்ளைத் திமிங்கிலம். 2020 முதல் இந்தக் கரையில் ஒரு கூட்டம் பாய்மரப் படகுகளின் சுக்கானைக் குறிவைத்து வந்து மோதி ஒடிக்கிறது. சில படகுகள் மூழ்கியே போயின. மனிதரை அவை ஒன்றும் செய்ததில்லை. கோபமோ பழிவாங்கலோ இல்லை, குட்டிகள் ஆரம்பித்த விளையாட்டாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1987இல் அமெரிக்க மேற்குக் கரையில் ஒரு பெண் ஓர்கா செத்த சால்மன் மீனைத் தலையில் தொப்பிபோலச் சுமந்து திரிந்ததாம். மற்றவையும் அதைப் பார்த்துச் செய்து, சில வாரங்களில் மறந்துவிட்டன. இங்கே மறக்கவில்லை. அடிக்கவும் கூடாது, வெடி போடவும் கூடாது. வளர்ந்தவை 40கூட இல்லாத, அழிவின் விளிம்பில் நிற்கும் கூட்டம் இது. அது நியாயம்தான், அதில் எனக்குத் தகராறு இல்லை.

முன்பு பாயை இறக்கி, எஞ்சினை அணைத்து அசையாமல் இரு என்றார்கள். இப்போது ஸ்பெயின் அரசு, நிற்காதே, ஆழம் குறைந்த கரைப் பக்கம் ஓட்டிக்கொண்டே போ என்கிறது. 20 மீட்டர் ஆழத்துக்குள்ளேயே போய்விடு என்கிறார்கள் இங்குள்ள படகோட்டிகள். கரைப் பக்கத்தில் என்ன இருக்கிறது? மீனவர்கள் கடலடியில் இறக்கிய பொறிக்கூடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கயிறு, ஒரு குட்டி மிதவை. மூடுபனியிலும் இரவிலும் கண்ணுக்கே தெரியாது, கயிறு புரொப்பெல்லரில் சுற்றினால் அவ்வளவுதான். வெளியே போனால் சுக்கான், உள்ளே போனால் புரொப்பெல்லர். நானும் டிமெல்லோவும் தினம் இதற்குத்தான் சண்டை.

இன்று மூடுபனியால் சினெஸில் முடங்கிக் கிடக்கிறோம். இந்த ஊரில் பிறந்ததாகச் சொல்லும் வாஸ்கோ ட காமாவின் சிலை கடலைப் பார்த்து நிற்கிறது. கோவாக்காரனான டிமெல்லோ அதன்முன் நின்று சொன்னதை எழுத முடியாது. பனி விலகினால் போர்ச்சுகலின் தென்மேற்கு மூலையான சாவ் விசென்ட் முனையைச் சுற்றி, தென்கரையில் இருக்கும் லாகோஸ். இடையில் ஒதுங்க ஒரு மெரினா கிடையாது.

லாகோஸோடு நான் இறங்குவதாகத்தான் பேச்சு. ஆனால் ஜிப்ரால்டர் வரை வருகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். ஓர்காக்கள் சூரை மீனைத் துரத்திக்கொண்டு காடிஸ் வளைகுடாவுக்கும் ஜிப்ரால்டர் நீரிணைக்கும் வரும் பருவம் இது. அங்கே கரையோரம் போனால், அதே சூரைக்காக ஸ்பெயினின் கோனில், பார்பாத்தே ஊர்களின் பக்கம் கட்டும் அல்மத்ராபா என்ற ராட்சச வலைகள் குறுக்கே நிற்கின்றன.

விசாகப்பட்டினத்தில் சுக்கான் வரைந்தே சம்பளம் வாங்கியவன் நீ. எங்களுடையது ஸ்கெக் (முன்னால் நின்று சுக்கானைத் தாங்கும் துடுப்பு) இல்லாமல் தனியாகத் தொங்கும் சுக்கான். ஸ்டீல் தண்டு, ஃபைபர் தகடு, உள்ளே நுரை. தண்டு வளைந்தால் அது நுழையும் குழாயைப் பிளந்து தண்ணீர் உள்ளே வருமா? தகட்டின் கீழ்ப்பாதி மட்டும் முதலில் ஒடிந்து போகும்படி செய்ய வழி உண்டா? சுக்கான் போனால் இரண்டு வாளிகளைக் கயிற்றில் கட்டிப் பின்னால் இழுத்தே படகைத் திருப்பலாம் என்கிறான் டிமெல்லோ. அவன் சொல்வதை நம்பலாமா?

கமலாவுக்கு லாகோஸோடு முடிகிறது என்றுதான் தெரியும். மீனாட்சி காதில் விழாமல் பார்த்துக்கொள். உனக்கென்று ஒரு போத்தல் போர்ட் ஒயின் வாங்கி வைத்திருக்கிறோம். சனிக்கிழமைக்குள் உன் பதில் வராவிட்டால் டிமெல்லோ அதைத் திறந்துவிடுவானாம்.

உன்,
வேலு