கோணம் இருமடங்கானால் பக்கமும் இருமடங்கா?

வெள்ளவத்தை,
கொழும்பு

அன்புள்ள சுகந்தி,

அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று உன் கடிதத்தில் வாசித்த பிறகுதான் மனம் ஆறியது. யாழ்ப்பாண வெயிலில் அவவை வெளியே அலைய விடாதே. இங்கே எல்லோரும் சுகம்.

தரம் 11 பிள்ளைகளுக்குத் திரிகோணகணிதம் தொடங்கியிருக்கிறேன். சைன், கோசைன், தான்சன் எல்லாம் மடமடவென்று ஒப்புவிக்கிறார்கள். ஆனால் 30, 60, 90 பாகை முக்கோணியின் பக்கங்கள் என்ன விகிதம் என்று கேட்டால் உடனே 1:2:3 என்கிறார்கள். பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம் என்பது தெரியும். அங்கிருந்து, கோணம் இருமடங்கானால் பக்கமும் இருமடங்கு என்று ஒரே தாவாகத் தாவிவிடுகிறார்கள்.

பிழை என்று சொல்லி விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் அடுத்த கிழமையும் இதையேதான் சொல்வார்கள். ஆகவே ஈர்க்குகளைக் கொடுத்து 5, 10, 15 சென்ரிமீற்றரில் நறுக்கி, முக்கோணி ஒன்று செய்யச் சொன்னேன். சின்ன ஈர்க்குகள் இரண்டும் பெரியதன் மேல் அப்படியே படுத்துவிட்டன. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை, "ரீச்சர், ஐந்தும் பத்தும் பதினைந்துதானே, பிறகு எப்படி எழும்பும்?" என்றாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. இரண்டு பக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றாவதை விடப் பெரிதாக இருக்கவேண்டும் என்பதை அவளே கண்டுபிடித்துவிட்டாள்!

அப்புறம் 5, 8.7, 10 என்று வெட்டினோம். பாகைமானியை வைத்துப் பார்த்தால் 30, 60, 90. சமபக்க முக்கோணியை நடுவால் பிளந்தால் வருவது இதுதான். அதனால்தான் செங்கோணத்துக்கு எதிரே உள்ள செம்பக்கம் சின்னப் பக்கத்தின் சரியாக இருமடங்கு. மற்றதை பைதகரஸ் தேற்றத்தால் அவர்களே கணித்தார்கள். சைன் என்பது எதிர்ப்பக்கத்தைச் செம்பக்கத்தால் வகுத்தால் வருவதுதானே; சைன் 30 ஏன் 0.5 என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பக்கங்கள் கோணங்களின் விகிதத்தில் அல்ல, அவற்றின் சைன்களின் விகிதத்தில் போகின்றன என்பதை உயர்தரத்தில் சைன் விதியாகப் படிக்கும்போது இந்த ஈர்க்குகள் நினைவுக்கு வரும் என்று நம்புகிறேன். சைன், கோசைன் பெறுமானங்களின் அட்டவணையைக் கையில் கொடுக்க முதல் இதைச் செய்யவேண்டும் சுகந்தி.

அடுத்ததாக காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போய்த் தாமரைக் கோபுரத்தின் ஏற்றக்கோணத்தை அளக்கவைக்க யோசித்திருக்கிறேன். உயரம் 350 மீற்றர் என்பதால், கோணம் கிடைத்தால் தூரம் வந்துவிடும். 10 பாகை என்றால் ஏறத்தாழ 2 கிலோமீற்றர். ஏப்ரல் லீவுக்கு முதலே வரமுடிந்தால் நீயும் எங்களோடு வா. உன் வகுப்பிலும் ஈர்க்கை ஒருக்கா செய்துபார்த்து, பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எழுது.

அன்புடன்,
வாணி