கல்லடி நண்பருக்கு, கையொப்பம் குறித்து

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் யோகன்,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகளுக்கு மட்டக்களப்பிலேயே ஆசிரிய நியமனம் கிடைத்த செய்தியால் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நான் நலம். மாலையில் தமிழ்ச் சங்க நூலகத்தில் குறித்துக்கொள்வதை இரவில் தமிழ் விக்கிப்பீடியாவில் சேர்ப்பதே இப்போது என் வேலை. நீங்களும் அங்கே கணக்குத் தொடங்கியது எனக்குப் பெரிய பலம்.

1924 இல் திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தையும் 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தையும் பிரித்தெழுத வேண்டும் என்று கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில், அதாவது எழுதுபவர்கள் கலந்துபேசும் பக்கத்தில், நீங்கள் இட்ட குறிப்பைப் படித்தேன். மிகவும் தேவையான குறிப்பு. ஆனால் அதன் கீழே பெயர் இல்லை. பக்க வரலாற்றைத் திறந்து பார்த்த பிறகே அது உங்களுடையது என்று தெரிந்தது. எல்லோரும் அப்படித் தேடிப் பார்க்கமாட்டார்கள். பாலத்தைப் பார்த்து வளர்ந்த ஒருவர் சொல்கிறார் என்று தெரிந்தால்தானே மேலும் கேட்க ஒருவருக்குத் தோன்றும்?

குறிப்பின் முடிவில் ~~~~ என்று நான்கு அலைக்குறிகளை இட்டுச் சேமித்தால் பெயரும் நேரமும் தாமாக வந்துவிடும். தமிழ் விசைப்பலகையில் அக்குறி அகப்படாவிட்டால் ஆங்கிலத்துக்கு மாறி, ஷிப்ட் விசையுடன் எண் 1 இன் இடப்புற விசையை அழுத்துங்கள். இரவு 9 மணிக்கு எழுதியது 15:30 என்று பதிவாகும். அது ஒருங்கிணைந்த உலக நேரம், நம் கடிகாரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முந்தியது. கட்டுரைக்குள் மட்டும் ஒருபோதும் ஒப்பமிட வேண்டாம். அது எல்லோருக்கும் உரியது.

நீங்கள் கேட்ட தனிப்பயன் கையொப்பத்தை 'விருப்பத்தேர்வுகள்' பக்கத்தில் அமைக்கலாம். கையொப்பத்தை விக்கிஉரையாக (இணைப்புக் குறிகள் கொண்ட உரையாக) கொள்ளுமாறு அங்குள்ள சிறு பெட்டியைத் தெரிவுசெய்துவிட்டு, இவ்வாறு எழுதினால் போதும்:

[[பயனர்:யோகன்|யோகன், கல்லடி]] ([[பயனர் பேச்சு:யோகன்|பேச்சு]])

யோகன் என்று நான் இட்டிருக்கும் இடங்களில் உங்கள் பயனர் பெயரைப் பதிவுசெய்தபடியே எழுத வேண்டும். நேரத்தைச் சேர்க்க வேண்டாம். அலைக்குறிகள் அதைப் பார்த்துக்கொள்ளும்.

கையொப்பம் மொத்தம் 255 குறியீடுகளுக்கு மேல் போகக் கூடாது. 'கொழும்பு' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும் மென்பொருளுக்கோ எட்டு. நிறமும் நிழலும் சேர்த்தால் இடம் விரைவில் தீர்ந்துவிடும். அதைவிட முக்கியமானது, சேமிக்கும் கணத்தில் அந்த நான்கு குறிகளும் மறைந்து, நீங்கள் அமைத்த முழு உரையும் பக்கத்திலேயே பதிந்துவிடுகிறது என்பதுதான். பின்னர் கையொப்பத்தை மாற்றினாலும் பழைய குறிப்புகளில் பழையதே நிற்கும். நீளமாக இருந்தால், பதில் எழுத வருகிறவர் தொகுப்புப் பெட்டியில் உங்கள் இரண்டு வரிக் கருத்தை நான்கு வரி அலங்காரத்துக்குள் தேட வேண்டியிருக்கும். வெளிர் மஞ்சள் போன்ற நிறங்களை, கண் பார்வை குறைந்த நம் வயதினரை எண்ணியாவது தவிர்த்துவிடுங்கள். படமும் வார்ப்புருவும் (வேறொரு பக்கத்தில் இருந்து பல பக்கங்களில் தோன்றும் உரை) வேண்டவே வேண்டாம்: ஒருவர் அந்த வார்ப்புருவில் விஷமம் செய்தால் நீங்கள் ஒப்பமிட்ட பக்கமெல்லாம் அது தெரியும்.

பெயர் எப்படித் தோன்றினாலும் பயனர் பக்கத்துக்கோ பேச்சுப் பக்கத்துக்கோ இணைப்பு இருந்தே ஆக வேண்டும். அதை நான் வெறும் விதியாகப் பார்க்கவில்லை. சொன்னதற்குப் பொறுப்பேற்கிறேன், ஐயமிருந்தால் வந்து கேளுங்கள் என்று அந்த இணைப்பு சொல்கிறது.

ஒரே கணக்கு சிங்கள விக்கிப்பீடியாவிலும் செல்லும். அங்கே எழுதும்போது தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில் சிங்கள எழுத்திலும் பெயரை இட்டுக்கொள்ளுங்கள். அங்குள்ளவர்கள் உங்களைப் பெயர் சொல்லி அழைக்க அது உதவும். தமிழ்ப் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

முதலில் என் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி எழுதி ஒப்பமிட்டுப் பாருங்கள். இணைப்பு சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்து அன்றே பதில் இடுகிறேன். அதன்பின் பாலத்துக் குறிப்பின் கீழும் ஒப்பமிட்டுவிடுங்கள்.

அன்புடன்,
நடேசன்